வீட்டுக் கேமராவை வேறு யாரோ பார்க்கிறார்களா? அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் முறை

கோத்தகிரியிலும் குன்னூரிலும் பல வீடுகளுக்குக் கேமராவைக் கொண்டுவந்தது திருடன் அல்ல, கரடிதான். ராத்திரி கொல்லைக் கதவை முட்டியது கரடியா, காட்டெருமையா, காற்றில் உருண்ட குப்பைத் தொட்டியா என்பதைக் கதவைத் திறக்காமலே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வெளிச்சுவரில் தொடங்கிய கேமரா இப்போது கூடம், சமையலறை, வயதான அம்மாவின் கட்டில் தலைமாடு வரை வந்துவிட்டது. அதோடு "எங்கள் கேமராவை வேறு யாரோ பார்க்கிறார்கள்" என்ற அழைப்புகளும் எனக்குக் கூடிவிட்டன.

இந்த அழைப்புகளுக்காக மலை முழுக்க ஏறி இறங்கியதில் ஒன்று தெரிந்தது. கடல் கடந்து உட்கார்ந்திருக்கும் ஹேக்கரை நான் கண்டது மிகக் குறைவு. கேமராவைப் பொருத்தியவரின் கைபேசி, வேலையை விட்டுப் போன காவலாளியின் கைபேசி, நான்கு இடங்களில் ஒரே பாஸ்வேர்டு போட்ட மின்னஞ்சல் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் சாவி கிடக்கும். ஆகவே ஒவ்வோர் அறிகுறிக்கும் பைசா செலவில்லாத, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் காரணத்திலிருந்து தொடங்குகிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதல் பத்து நிமிடம்

ரீசெட் பொத்தானைத் தொடாதீர்கள். பதறியவர்கள் முதலில் செய்வது அதைத்தான். சில மாடல்களில் ரீசெட் செய்தால் யார் எப்போது உள்ளே வந்தார் என்ற பதிவும் சேர்ந்து அழிந்துபோகும். பிறகு போலீஸுக்குக் காட்டவும் ஒன்றும் இருக்காது, எனக்குக் காட்டவும் ஒன்றும் இருக்காது.

படுக்கையறை, குழந்தைகள் அறை, உடை மாற்றும் இடம் ஆகியவற்றில் இருக்கும் கேமரா என்றால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். துணி போட்டு மூடினால் கண்தான் மறையும், காது மறையாது. மெமரி கார்டு இருந்தால் கழற்றி ஒரு காகித உறையில் போட்டு, தேதியும் நேரமும் எழுதி வையுங்கள். பிறகு செயலியைத் திறந்து மூன்று பக்கங்களைப் படம் பிடியுங்கள்: கேமரா யார் யாருடன் பகிரப்பட்டிருக்கிறது, உங்கள் கணக்கு எந்தெந்தக் கைபேசிகளில் திறந்திருக்கிறது, உள்நுழைந்த நேரங்கள். இந்தப் பக்கங்கள் ஒவ்வொரு நிறுவனத்தின் செயலியிலும் ஒவ்வொரு மூலையில் இருக்கும். 'கணக்குப் பாதுகாப்பு', 'சாதன மேலாண்மை', 'பகிர்வு' என்ற தலைப்புகளுக்குள் தேடுங்கள்.

இவ்வளவும் முடிந்தபின் உங்கள் அறிகுறிக்கு வாருங்கள்.

அறிகுறி: கேமரா தானாகத் திரும்புகிறது

அதிகம் வரும் புகாரும் இதுதான், அதிகம் பொய்த்துப் போவதும் இதுதான்.

*மின்சாரம் போய் வந்ததா?* சுழலும் கேமரா, மின்சாரம் வந்ததும் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை ஒரு சுற்று திரும்பி, மேலும் கீழும் பார்த்துவிட்டு நிற்கும். லைன் மேல் மரம் விழுந்து ஒரே இரவில் நான்கு முறை மின்சாரம் போய் வரும் ஐப்பசி மழையில், அது நான்கு முறை தலையைத் திருப்பும். விழித்துப் பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள். நீங்கள் அன்று பார்த்த அதே அசைவு வந்தால் விஷயம் முடிந்தது.

*எதையாவது பின்தொடர்கிறதா?* நகரும் பொருளைப் பின்தொடரும் வசதி இப்போது மலிவான கேமராவிலும் இருக்கிறது. நம் ஊரில் அது மனிதனை மட்டும் பின்தொடர்வதில்லை. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி நகர்ந்தாலும் திரும்பும். இரவில் அகச்சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் வலை கட்டிய சிலந்தி காற்றில் ஆடினாலும் திரும்பும். பின்தொடர்தலையும், நேரத்துக்கு நேரம் சுற்றிவரும் ரோந்து வசதியையும் இரண்டு நாள் அணைத்து வையுங்கள்.

அணைத்தபின் கேமராவின் அடித்தட்டிலிருந்து தலை வரை பென்சிலால் நேராக ஒரு சிறு கோடு போடுங்கள். தலை திரும்பினால் கோடு இரண்டாக உடையும். காலையில் காப்பியோடு வந்து அதைப் பார்த்தால் போதும். இந்தப் பென்சில் கோடு எனக்கு எத்தனையோ பயணங்களை மிச்சப்படுத்தியிருக்கிறது.

*மின்சாரம் போகாமலே கோடு உடைந்திருக்கிறது.* யாரோ திருப்பியிருக்கிறார்கள். பகிர்வுப் பட்டியலைப் பாருங்கள்.

— தெரிந்த பெயர் இருக்கிறது: கேளுங்கள். பெங்களூரில் இருக்கும் மருமகன் பூந்தொட்டிக்குத் தண்ணீர் விட்டார்களா என்று பார்த்திருப்பார்.
— தெரியாத பெயர், தெரியாத எண் இருக்கிறது: கீழே 'சாவி மாற்றும் வரிசை'க்குப் போங்கள்.
— பட்டியலில் யாருமே இல்லை: உங்கள் கணக்கே வேறொரு கைபேசியில் திறந்திருக்கலாம். பழைய கைபேசியை விற்றீர்களா, பேரனிடம் கொடுத்தீர்களா? செயலியிலிருந்து வெளியேறாமல் கொடுத்த கைபேசி இன்னும் உங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.
— அதுவும் சுத்தமாக இருக்கிறது: உங்கள் வைஃபைக்குள் இருக்கும் யாரோ நேரடியாகக் கேமராவைத் தொடுகிறார்கள். விருந்தினர் தங்கும் வீடுகளில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வைஃபை, கணக்கு இரண்டின் பாஸ்வேர்டையும் மாற்றிய பிறகும் கோடு உடைந்தால் கேமரா ஆளைக் கூப்பிடுங்கள். அதுவரை அவருக்கு வேலை இல்லை.

அறிகுறி: கேமராவிலிருந்து குரல் கேட்டது

வெலிங்டன் பக்கம் தனியாக இருக்கும் ஓர் அம்மா ஒருநாள் காலை ஏழு மணிக்கு அழைத்தார். "தம்பி, சாமி அலமாரிக்கு மேலே இருக்கும் கேமரா என்னைப் பார்த்துச் சிரிக்கிறது." போய்ப் பார்த்தால் அவருடைய மகன் தன் மூன்று வயதுப் பெண்ணிடம் கைபேசியைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். குழந்தை மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு திரையில் தெரிந்த பாட்டியைப் பார்த்துச் சிரித்திருக்கிறது. அந்த அம்மாவுக்குப் பயம் தெளிந்தது. மகன் மீது கோபம் தெளிய ஒரு வாரம் ஆனது.

ஆகவே முதலில் குடும்பத்தாரிடம் விசாரியுங்கள். அவர்கள் யாரும் இல்லை என்றால் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கேமராவைத் திருப்புகிறவன் உங்களை வேவு பார்க்கிறான். பேசுகிறவன் தான் இருப்பதை உங்களுக்குக் காட்டவே விரும்புகிறான். இரண்டாவது ஆள் மிரட்டலுக்கும் துணிவான்.

குரல் வரும் சம்பவங்களில் அடிக்கடி காணும் காரணம், வேறெங்கோ கசிந்த பாஸ்வேர்டு. 2019 டிசம்பரில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் எட்டு வயதுச் சிறுமியின் அறையில் இருந்த ரிங் நிறுவனக் கேமரா வழியாக ஓர் அந்நியன் பேசிய செய்தி உலகம் முழுக்கப் பரவியது. தங்கள் சர்வர் உடைக்கப்படவில்லை, மற்ற இடங்களில் கசிந்த பாஸ்வேர்டுகளே பயன்படுத்தப்பட்டன என்பது அந்த நிறுவனத்தின் விளக்கம். அடுத்த பிப்ரவரியில் இரண்டடுக்கு உள்நுழைவை அது எல்லாருக்கும் கட்டாயமாக்கியது. நம் பக்கத்துச் செயலிகள் பலவற்றில் இந்த வசதி இருந்தும் யாரும் அதைத் திறப்பதில்லை. ஓடிபி வரும் சிம்முக்கு வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்பார்கள். அந்தச் சிரமம் எனக்கும் தெரியும். ஓடிபி எண்ணைத் தானே காட்டும் செயலிகள் இருக்கின்றன, அவற்றுக்கு சிக்னல் தேவையில்லை. உங்கள் கேமரா செயலி அதை ஏற்குமானால் அதையே வையுங்கள்.

செய்ய வேண்டியது: பிளக்கைப் பிடுங்கிய நிலையிலேயே 'சாவி மாற்றும் வரிசை' முழுவதையும் முடியுங்கள். கேமராவின் பாஸ்வேர்டை வேறெங்கெல்லாம் போட்டிருக்கிறீர்களோ அங்கெல்லாம் மாற்றுங்கள். குரல் பெயரைச் சொன்னாலோ, பணம் கேட்டாலோ, குழந்தையிடம் பேசினாலோ 'மிரட்டல்' பகுதிக்கு நேரே போங்கள்.

அறிகுறி: செயலி பாஸ்வேர்டை ஏற்கவில்லை, அல்லது 'வேறொரு கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளது' என்கிறது

இதில்தான் எனக்குப் பாதி நாள் போகிறது.

முதலில் அற்பக் காரணங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து குழப்பம்; செயலி புதுப்பிக்கப்பட்டுத் தானாக வெளியேறியது; மின்னஞ்சலில் பதிந்துவிட்டுக் கைபேசி எண்ணில் நுழைய முயல்வது. 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்பதை அழுத்துங்கள். ஓடிபி உங்கள் எண்ணுக்கு வந்தால் கணக்கு உங்களுடையதுதான். புதிய பாஸ்வேர்டு போட்டுவிட்டுப் பகிர்வுப் பட்டியலைப் பாருங்கள்.

ஓடிபி வரவே இல்லை, அல்லது அந்த எண்ணில் கணக்கே இல்லை என்கிறது என்றால் கேமராவின் சொந்தக்காரர் நீங்கள் அல்ல. சொந்தக்காரர் அதைப் பொருத்தியவர். உங்களுக்கு வெறும் பார்வையாளர் இடம் கொடுத்திருக்கிறார். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். கீழே மேட்டுப்பாளையத்திலிருந்து வந்தவர். நீங்கள் மின்னஞ்சல் பாஸ்வேர்டு நினைவில்லாமல் தடுமாறியிருப்பீர்கள். அவர் கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் தன் எண்ணையே போட்டு முடித்திருப்பார். ஆனால் அவர் நல்லவராக இருந்தும் பயனில்லை. அவருடைய கைபேசியில் உங்கள் வீட்டோடு சேர்த்து அந்தச் சரிவில் இருக்கும் முப்பது வீடுகளின் கூடம் தெரியும். அந்தக் கைபேசி ஒருநாள் பஸ்ஸில் தொலையலாம்.

— பொருத்தியவர் தொடர்பில் இருக்கிறார்: தன் கணக்கிலிருந்து கேமராவை நீக்கச் சொல்லுங்கள். "உங்களுக்குப் பகிர்ந்திருக்கிறேன், அது போதும்" என்றால் போதாது. நீக்கியவுடன் நீங்கள் கேமராவின் கியூஆர் கோடை உங்கள் செயலியில் ஸ்கேன் செய்து சேருங்கள். அவர் ஃபோனை வைப்பதற்கு முன்பே இதைச் செய்வது நல்லது.
— தொடர்பில் இல்லை, அல்லது மறுக்கிறார்: ரீசெட் பொத்தானை அழுத்தினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். பல நிறுவனங்களில் ரீசெட் செய்தாலும் பழைய கணக்கின் பிடி போகாது, அது நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. வாங்கிய பில், கேமரா அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண், அந்த ஸ்டிக்கரின் படம் மூன்றையும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பி, பிடியை விடுவிக்கச் சொல்லுங்கள். பில் இல்லாதவர்களுக்கு இந்த இடத்தில்தான் பெருமூச்சு வரும்.
— கேமராக்களின் பதிவைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டியே பாஸ்வேர்டை மறுக்கிறது: டிவி திரையில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்பதை அழுத்தினால் ஒரு கியூஆர் கோடோ, பென்டிரைவில் எடுக்க ஒரு கோப்போ வரும். நிறுவனத்தின் சேவைப் பிரிவு அதை வாங்கித் திறப்பு எண் தரும்.

சேவை எண்ணைப் பெட்டியின் மேலோ நிறுவனத்தின் சொந்தச் செயலியிலோ பாருங்கள். தேடுபொறியில் முதலில் வரும் எண்ணுக்கு அழைத்தால், "திரையைப் பகிருங்கள், பத்து ரூபாய் மட்டும் அனுப்புங்கள்" என்று கேட்கும் மோசடிக்காரர் எடுப்பார். கேமரா போனதோடு வங்கிக் கணக்கும் போகும்.

டிவிஆர் திறந்ததும் பயனர் பட்டியலைப் பாருங்கள். 'அட்மின்' மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் 888888, 666666 என்ற எண்களே பெயராக உட்கார்ந்திருந்தால் அவை பழைய பெட்டிகளில் தொழிற்சாலையிலேயே வைத்த கணக்குகள். நீக்க முடிந்தால் நீக்குங்கள், இல்லையென்றால் அவற்றின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். அட்மின் பாஸ்வேர்டு 12345 என்றோ, பொருத்திய கடையின் பெயரும் 123-உம் சேர்ந்தோ இருப்பதை வாரத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன். அந்தக் கடை பொருத்திய எல்லா வீட்டுக்கும் அதே பாஸ்வேர்டுதான். ஒரு வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் தெரு முழுக்கத் தெரிந்த மாதிரி.

அறிகுறி: டேட்டா மதியத்துக்குள் தீர்கிறது, இணையம் மந்தமாகிறது

ஃபைபர் வராத ஹட்டிகள் என்ற படகர் ஊர்களிலும் எஸ்டேட் பங்களாக்களிலும் கேமரா 4ஜி சிம் போட்ட ரவுட்டரில் ஓடுகிறது. அங்கே டேட்டாக் கணக்குத் துப்பறியும் ஆள் வேலை செய்யும். நொடிக்கு ஒரு மெகாபிட் அனுப்பும் கேமராவை ஒரு மணி நேரம் யாராவது பார்த்தால் சுமார் 450 எம்பி செலவாகும். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி திட்டம் சுமார் மூன்றேகால் மணி நேரத்தில் காலி.

எளிய காரணம்: சென்னையில் இருக்கும் மகள் செயலியைத் திறந்தபடியே கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அல்லது யாரோ மேகச் சேமிப்பின் இலவசச் சோதனையை ஒப்புக்கொண்டதால் பதிவு முழுவதும் மேலே போய்க்கொண்டிருக்கிறது. இரண்டையும் நிறுத்தி ஒரு நாள் பாருங்கள். அடுத்து, கேமராவை மட்டும் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு ஒரு நாள். டேட்டா மிச்சமானால் குற்றவாளி கேமராதான்.

கொஞ்சம் பெரிய காரணம்: கேமராவோ டிவிஆரோ வேறு யாருக்கோ கூலி வேலை செய்கிறது. 2016-இல் மிராய் என்ற நிரல், சுமார் அறுபது தொழிற்சாலைப் பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தே உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அந்தப் படை, இணையதளப் பெயர்களுக்கு வழிகாட்டும் டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை. மிராய் நினைவகத்தில் மட்டும் தங்கும், பெட்டியை அணைத்துப் போட்டால் போய்விடும். பாஸ்வேர்டு பழையதாகவே இருந்தால் சில நிமிடங்களில் திரும்பி வந்துவிடும். ஆகவே முதலில் இணையக் கம்பியைக் கழற்றுங்கள், பெட்டியை அணைத்துப் போடுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள், கடைசியில்தான் கம்பியைச் செருகுங்கள். இந்த வரிசை மாறக்கூடாது.

பிறகு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தை உலாவியில் திறந்து 'போர்ட் ஃபார்வர்டிங்', 'யுபிஎன்பி' என்ற இரண்டையும் தேடுங்கள். 554, 8000, 34567, 37777 போன்ற எண்கள் அங்கே வரிசையாக இருந்தால் டிவிஆருக்கு வெளியுலகத்திலிருந்து நேர்வழி போட்டிருக்கிறார்கள். நீக்குங்கள். இப்போதைய செயலிகளுக்கு இந்த வழி தேவையே இல்லை. யுபிஎன்பியையும் அணையுங்கள், இல்லையென்றால் டிவிஆர் தானே அந்த வழியை மறுபடி திறந்துகொள்ளும்.

ரவுட்டரில் காட்டும் வெளி ஐபி (இணைய முகவரி) எண் 100.64 முதல் 100.127 வரை ஏதோ ஒன்றில் தொடங்குகிறதா? அப்படியானால் இணைய நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே வெளி எண்ணைப் பகிர்ந்து கொடுக்கிறது, நேர்வழித் தாக்குதல் பெரும்பாலும் உங்களை எட்டாது. சந்தேகம் மறுபடி கணக்கின் மீதும் பொருத்தியவர் மீதும்தான் திரும்ப வேண்டும்.

ரவுட்டரின் அமைப்புப் பக்கமே திறக்கவில்லை, அதன் பாஸ்வேர்டும் மாறியிருக்கிறது என்றால் இணைய நிறுவனத்தின் ஆளை வரச் சொல்லுங்கள். ஃபைபர் பெட்டியை நீங்களே ரீசெட் செய்தால் இணைப்பின் அமைப்பும் போய், சனி ஞாயிறு முழுக்க இணையம் இல்லாமல் உட்கார நேரும்.

அறிகுறி: பதிவில் சில மணி நேரம் காணவில்லை

பத்தில் எட்டு முறை இது ஹேக்கர் வேலை அல்ல. தேதி 1970 என்றோ 2000 என்றோ காட்டினால் டிவிஆருக்குள் இருக்கும் காசளவு பேட்டரி செத்துவிட்டது. சிஆர்2032 என்று கேட்டால் கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். மெமரி கார்டு தேய்ந்தாலும் ஓட்டை விழும். மின்வெட்டு நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பேட்டரியும் கார்டும் நன்றாக இருந்து, மின்சாரமும் இருந்து, ஒருவர் வந்துபோன அரை மணி நேரம் மட்டும் காணவில்லை என்றால் அது அழிக்கப்பட்டது. டிவிஆரின் நிகழ்வுப் பதிவில் யார் எப்போது உள்ளே வந்தார் என்று இருக்கும். பெட்டியை அணைத்து ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் வையுங்கள். அதன் மேல் புதிய பதிவு ஏறாதவரை மீட்க வாய்ப்புண்டு. இது தரவு மீட்பவர் வேலை. என்னைப் போன்றவர்கள் தொட்டுக் கெடுக்கக் கூடாது.

அறிகுறி: மிரட்டல், அல்லது காட்சி வெளியே வந்துவிட்டது

இதில் இரண்டு வகை. "உன் கேமராவில் உன்னைப் படம் பிடித்துவிட்டேன், பிட்காயின் அனுப்பு" என்று ஆங்கிலத்தில் வரும் மின்னஞ்சலில் உங்களுடைய ஒரு பழைய பாஸ்வேர்டும் இருக்கலாம். ஆனால் ஒரு படம்கூட இருக்காது. அது ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் வெற்று மிரட்டல். பதில் எழுதாதீர்கள், அந்தப் பாஸ்வேர்டு எங்காவது இன்னும் இருந்தால் மாற்றுங்கள்.

உங்கள் வீட்டின் உண்மையான காட்சியையே அனுப்பியிருந்தால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதியுங்கள். மாவட்ட சைபர் குற்றப் பிரிவுக்கு நேரில் போவதானால் முதலில் எடுத்து வைத்த படங்களையும் மெமரி கார்டு உறையையும் எடுத்துச் செல்லுங்கள். பணம் அனுப்பாதீர்கள். அனுப்பினால் அடுத்த வாரம் தொகை கூடும். மிரட்டல் செய்தியை அழிக்கவும் வேண்டாம், அனுப்பியவரை பிளாக் செய்வதற்கு முன் எண்ணையும் செய்தியையும் படமெடுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படம் பிடிப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஒரு பெண்ணின் தனிமையை ஒளிந்து பார்ப்பதும் படம் பிடிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவில் வருகிறது.

சாவி மாற்றும் வரிசை

வரிசை முக்கியம். கேமரா பாஸ்வேர்டை முதலில் மாற்றிவிட்டு மின்னஞ்சலை விட்டுவைத்தால், மின்னஞ்சலுக்குள் இருப்பவன் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தி மறுபடி வந்துவிடுவான்.

1. மின்னஞ்சல். புதிய பாஸ்வேர்டு, இரண்டடுக்கு உள்நுழைவு, மீட்பு எண் உங்களுடையதா என்ற சோதனை. சந்தேகமில்லாத வேறொரு கைபேசியிலிருந்து, மொபைல் டேட்டாவில் செய்யுங்கள்.
2. கேமராச் செயலியின் கணக்கு. புதிய பாஸ்வேர்டு போட்டதும் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதை அழுத்துங்கள். இதை மறந்தால் பழைய கைபேசியில் திறந்திருப்பது திறந்தபடியே இருக்கக்கூடும். பகிர்வுப் பட்டியலைக் காலி செய்துவிட்டுத் தேவையானவரை மட்டும் திரும்பச் சேருங்கள்.
3. ரவுட்டர். நிர்வாகப் பாஸ்வேர்டும் வைஃபை பாஸ்வேர்டும் வேறு வேறு. இரண்டையும் மாற்றுங்கள்.
4. இப்போது கேமரா ரீசெட், பிறகு ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) புதுப்பிப்பு, பிறகு புதிய கணக்கில் சேர்ப்பு. கேமராவுக்கென்று தனிப் பாஸ்வேர்டு கேட்டால் அதையும் புதிதாகப் போடுங்கள்.

ரீசெட் பற்றிக் கொஞ்சம். வெளிச்சுவர்க் கேமராவில் பொத்தான் பெரும்பாலும் வயிற்றுப் பக்கம் இரண்டு குட்டி ஸ்க்ரூ போட்ட மூடிக்குள், மெமரி கார்டுக்குப் பக்கத்தில் இருக்கும். மின்சாரம் இருக்கும்போதே, சிம் ஊசியாலோ விரல் நுனியாலோ பத்து வினாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். சில கேமராக்கள் ஆங்கிலத்தில் சொல்லும், சில சீன மொழியில் சொல்லும், சில விளக்கை மட்டும் சிமிட்டும். மூடிக்கு அடியில் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று உண்டு. அது பள்ளத்தில் சரியாக உட்காராமல் மூடினால் முதல் மூடுபனியிலேயே கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படியும், ஒரு மாதத்தில் பச்சைப் பூஞ்சை. ஹேக்கரிடமிருந்து மீட்ட கேமராவை ஈரத்துக்குப் பறிகொடுத்தவர்கள் கோத்தகிரியில் உண்டு. மழை நாளில் திறக்காதீர்கள். மூடுவதற்கு முன் வளையத்தைத் துடைத்து விரலால் சுற்றிலும் அழுத்தி விடுங்கள்.

5. தனி வைஃபை. விருந்தினர் தங்கும் வீடு நடத்துபவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும். வரவேற்பு மேசையில் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் எழுதிய அட்டை இருக்கிறது. சீசனில் வந்துபோகும் ஒவ்வொருவர் கைபேசியிலும் அது பதிவாகிறது. கேமராவும் டிவிஆரும் அதே வைஃபையில் இருந்தால், அறையில் படுத்துக்கொண்டே ஒருவர் டிவிஆரின் பக்கத்தைத் தன் உலாவியில் திறந்து 12345 போட்டுப் பார்க்கலாம். விருந்தினருக்குக் கெஸ்ட் நெட்வொர்க், கேமராவுக்கும் உங்களுக்கும் வேறு. பெரும்பாலான ரவுட்டர்களில் கெஸ்ட் வசதி ஏற்கெனவே இருக்கிறது, ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். அதோடு காவலாளியோ சமையல்காரரோ வேலையை விட்டு நின்றால், சாவிக் கொத்தை வாங்கும் அதே மணி நேரத்தில் பகிர்வுப் பட்டியலிலிருந்து அவர் எண்ணையும் எடுங்கள். நான் போன ஒரு தங்கும் வீட்டில், போய் எட்டு மாதம் ஆன காவலாளி முதலாளி எப்போது மலையேறுகிறார் என்று பார்த்துத் தன் நண்பர்களுக்கு ஒரு அறையை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் கொல்லைச் சாவியின் நகல் ஒன்று இருந்தது, கேமராவுக்குச் சாவி தேவையே படவில்லை.

எப்போது கேமராவையே மாற்ற வேண்டும்

செலவில் பெரியது என்பதால் கடைசியில் வைத்தேன். ஃபர்ம்வேர் புதுப்பிப்பு வருடக்கணக்கில் வரவில்லை. தொழிற்சாலைப் பாஸ்வேர்டை மாற்ற இடமே இல்லை. பழைய கணக்கின் பிடியை நிறுவனம் விடுவிக்கவில்லை. பெட்டியில் நிறுவனத்தின் பெயரே இல்லை. இந்த நான்கில் ஒன்று பொருந்தினாலும் அதன் மேல் இன்னும் ஒரு மணி நேரத்தைச் செலவிட வேண்டாம். 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்பனைக்கு வரும் சிசிடிவி கேமராக்கள் அரசு வகுத்த பாதுகாப்புச் சோதனைகளில் தேற வேண்டும் என்ற விதி நடப்பில் இருக்கிறது. வாங்கும்போது அந்தச் சான்று இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள், பில்லில் சீரியல் எண்ணை எழுதச் சொல்லுங்கள். பழையதைத் தூக்கிப் போடுவதற்கு முன் உங்கள் கணக்கிலிருந்து நீக்கி, மெமரி கார்டை எடுத்துவிடுங்கள். கழிவுக் கடையில் கார்டோடு வரும் கேமராக்களை நான் பார்த்திருக்கிறேன்.

புதியதைப் பொருத்தும் நாளில் கணக்கை உங்கள் கைபேசியில், உங்கள் எண்ணில், உங்கள் விரலால் தொடங்குங்கள். பொருத்துபவருக்கு நேரமாகிறது என்றால் ஒரு டீ கொடுத்து உட்கார வையுங்கள். கடைசி பஸ் போய்விட்டால் அடுத்த நாள் வரச் சொல்லுங்கள்.

ஒரு வாரம் கழித்து உள்நுழைவுப் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். உங்கள் கைபேசியின் பெயர் மட்டும் இருந்தால், அணைத்து வைத்த பின்தொடர்தலை மறுபடி போட்டுவிடலாம். கரடி இந்தப் பக்கம் வரும் மாதம்.